முப்பத்தோராவது போட்டோ

அடையாள அட்டையில் இருந்த முகத்தைப் பெரிதாக்கித் திரையில் போட்டதும், ஸ்டூடியோக்காரர் தம்மை அறியாமல் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"சார், இது... ஆள்தானே?"

செயலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு குனிந்தார். திரை முழுக்கச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுப்பு. நடுவில் இரண்டு கறுப்புப் புள்ளிகள். இடப்பக்கம் நகர்ந்து பார்த்தார். புள்ளிகளும் அவரைப் பார்த்தன. வலப்பக்கம் நகர்ந்தார். விடவில்லை.

"மூக்கு எங்க?"

"இருபது வருஷம் சாவிக்கொத்தோட உரசிக்கிட்டே கிடந்த அட்டை சார். கண்ணு மிச்சம் இருக்கிறதே பெரிசு."

"இதை மாட்டினா குழந்தைங்க மண்டபத்துப் பக்கமே வராதுங்க."

"பெரியவங்க மட்டும் வந்துடுவாங்களா?"

மணி பத்து. மாலை ஐந்துக்குப் படத்திறப்பு.

படம் சாவியக்காவுடையது. தெரு நலச் சங்கத்தின் மண்டபச் சாவி முப்பது வருஷம் அவர் இடுப்பில் இருந்ததால் அந்தப் பெயர். சாவியோடு தெருவின் மற்ற பாரங்களும் அங்கேயே தொங்கின. துணைக்கு ஆள் இல்லாத நோயாளியோடு ஆஸ்பத்திரியில் உட்காருவது, பிரசவத்துக்கு வண்டி பிடிப்பது, எரியாத தெருவிளக்குக்கு மனு எழுதி, அது எரிகிறவரை விடாமல் எழுதிக்கொண்டே இருப்பது எல்லாம் அவர் வேலை. நான்கு மாதம் முன்பு, யாருக்கும் எந்தத் தொந்தரவும் வைக்காமல், ஒரு பிற்பகல் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

அஞ்சலிக் கூட்டம் நடத்தச் சங்கத்துக்கு நான்கு மாதம் பிடித்தது. தீர்மானம் போட ஒரு கூட்டம், தீர்மானத்தில் இருந்த பிழையைத் திருத்த ஒரு கூட்டம். வழக்கமாக வீடு வீடாகப் போய்க் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பவர் சாவியக்கா என்பதால், இரண்டுக்கும் ஆள் வரவில்லை.

வெளியூரில் இருந்த சாவியக்காவின் தங்கைக்குச் செயலாளர் கடிதம் எழுதினார். பதில் இப்படி வந்தது: 'அக்காவின் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. கூட்டம் முடிந்ததும் அந்தப் படத்தை எனக்குக் கொடுத்தால் போதும். வேறு ஒன்றும் வேண்டாம்.'

எதையும் எண் போட்டு எழுதுவது செயலாளரின் வழக்கம். உடனே பதில் போட்டார். 'ஒன்று: படம் உண்டு. இரண்டு: பெரிய படம். மூன்று: சட்டம் போட்டே தரப்படும்.' முப்பது வருஷம் தெருவுக்கு உழைத்தவருக்கு ஒரு படம்கூடவா இல்லாமல் போகும் என்ற நம்பிக்கையில் எழுதியது அது.

பிறகுதான் தேடினார்.

ஸ்டூடியோவிலிருந்து நேராகப் பெயர்ப்பலகை எழுதுகிற ஓவியரிடம் ஓடினார். சங்கத் தலைவரும் கூட வந்தார்.

"நான் அடையாளம் சொல்றேன், நீ வரை. எனக்கு அவங்க முகம் அப்படியே மனசுல நிக்குது" என்றார் தலைவர்.

"மூக்கு எப்படி சார்?"

"மூக்கு... மூக்கு மாதிரிதான் இருக்கும்."

"காது?"

"ரெண்டு."

ஒரு மணி நேரத்தில் முகம் தயாரானது. செயலாளர் படத்தைப் பார்த்தார். பிறகு தலைவரையும் அவர் மீசையையும் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"மீசையை மட்டும் எடுத்துடுப்பா" என்றார் மெதுவாக.

"மீசையே நான் போடலையே சார்" என்றார் ஓவியர்.

வீட்டுக்கு வந்து தண்ணீர் கேட்டவரிடம் மனைவி செம்பை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "ஏங்க, வருஷா வருஷம் ஆண்டு விழாவுல மண்டபத்துப் படியில வரிசையா நின்னு இளிப்பீங்களே, அந்த போட்டோவுல பார்க்க வேண்டியதுதானே?"

செயலாளர் தண்ணீரைக் குடிக்கவில்லை. மண்டபத்துக்கு ஓடினார்.

வாசலில் நாற்காலிக்காரர் மாலைக் கூட்டத்துக்கு நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தார். தலையில் துணிச் சும்மாடு, அதன்மேல் எட்டு நாற்காலி.

"சார், எத்தனை வரிசை?"

"எத்தனை வேணாலும் போடுப்பா!"

ஆல்பத்தில் முப்பது ஆண்டு விழாக்களின் முப்பது போட்டோக்கள் இருந்தன. எல்லாமே மாலை வெயிலைப் பார்த்து நிற்கவைத்து எடுத்தவை. முன்வரிசை நாற்காலியில், பின்வரிசை படியில், எல்லாருக்கும் கண் சுருங்கியிருந்தது. செயலாளர் விரல் வைத்து ஒவ்வொரு முகமாகப் போனார். முப்பதிலும் சாவியக்கா இல்லை.

பொருளாளர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "எப்படி இருப்பாங்க? அவங்கதானே போட்டோ எடுப்பாங்க!"

அப்போதுதான் செயலாளர் அதைக் கவனித்தார். ஒவ்வொரு போட்டோவிலும் அடிப்பக்கத்தில், முன்வரிசையின் கால்களைத் தொட்டபடி, ஒரு நிழல். காமிராவைத் தூக்கிய இரண்டு முழங்கைகள். தலைமேல் ஒரு கொண்டை.

முப்பது வருஷமாக எல்லார் காலடியிலும் விழுந்து கிடந்த நிழலை இன்றுவரை ஒருத்தரும் பார்க்கவில்லை.

"அவங்கதான்!" என்றார் பொருளாளர். "அந்தக் கொண்டையை மறக்க முடியுமா?"

"கொண்டைன்னா அவங்க கொண்டைதான்" என்றார் பின்னாலேயே வந்து சேர்ந்த தலைவர். ஒரு மணி நேரம் முன்பு ஓவியரிடம் அவர் கொண்டையைப் பற்றி மூச்சு விடவில்லை.

இருபத்தேழாம் வருஷத்து நிழல் நல்ல கறுப்பு. அதைப் பெரிதாக்கி எடுத்துவரச் சொல்லி ஸ்டூடியோவுக்கு அனுப்பினார்கள். நிம்மதியாக ஆல்பத்தை மூடும்போது, கடைசிப் பக்கத்திலிருந்து ஒட்டாத ஒரு போட்டோ நழுவி விழுந்தது.

போன மாதம் நடந்த ஆண்டு விழா. முப்பத்தோராவது.

அடியில் நிழல் இருந்தது.

செயலாளர் விரல் விட்டு எண்ணினார். சாவியக்கா போய் நான்கு மாதம். விழா நடந்து ஒரு மாதம். திருப்பி எண்ணினார். கணக்கு மாறவில்லை.

மின்விசிறி கிறீச்சிட்டது. சுவரில் ஆணியில் தொங்கிய சாவிக்கொத்து மெல்ல ஆடியது. மின்விசிறிக் காற்றுதான் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு, எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார். சாவிக்கொத்து இன்னும் கொஞ்ச நேரம் ஆடிவிட்டுத்தான் நின்றது.

"போன மாசம் போட்டோ எடுத்தது யாரு?" என்று கேட்டார்.

"நீங்கதானே?" என்றார் பொருளாளர்.

"நான் இதோ ரெண்டாவது வரிசையில நிக்கிறேன்."

"அப்போ தலைவர்."

"நடுவுல நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்கிறது யாரு, என் தம்பியா?" என்றார் தலைவர்.

சங்கத்தில் பதினேழு பேர். போட்டோவில் பதினேழு தலை.

"யாரோ எடுத்தாங்க" என்றார் பொருளாளர். "அன்னிக்கு எல்லாமே தலைகீழ். நாற்காலி வரல, எல்லாரும் நின்னோம். டம்ளர் கழுவ ஆளில்ல, மூணு நாள் கிடந்து எறும்பு மொய்ச்சுது. எனக்கு இவ்வளவுதான் ஞாபகம்."

"யாரோ 'இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க'ன்னு சொன்னாங்க" என்றார் தலைவர். "பொம்பளைக் குரல். நாமளும் நெருங்கினோம்."

"யாரு குரல்?"

தலைவர் சட்டைக் கை ஓரத்தில் முடி சிலிர்த்து நின்றதைத் தடவி விட்டுக்கொண்டார்.

செயலாளர் மறுபடி படத்தைப் பார்த்தார். மற்ற முப்பது போட்டோவிலும் ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதில் மட்டும் பதினேழு பேரும் ஒரே இடத்தைப் பார்த்து, தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவரும்தான். யாரைப் பார்த்துச் சிரித்தோம் என்று எவ்வளவு யோசித்தும் அவருக்கு நினைவு வரவில்லை.

"இதைப் பத்தி வெளியில மூச்சு விடாதீங்க" என்றார்.

பத்து நிமிஷத்தில் தெருவுக்கே தெரிந்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் தம் விளக்கு தானாக அணைந்ததாகச் சொன்னார். தையல்காரர், தொலைந்த கத்தரிக்கோல் கிடைத்ததாகச் சொன்னார். மண்டபத்துக்கு வர ஒப்புக்கொண்டிருந்த பேச்சாளர் தமக்குத் திடீரென்று பல்வலி என்று சொல்லியனுப்பினார்.

செயலாளர் போட்டோவைக் கோப்புக்குள் ஒளித்துவைத்தார். கோப்பை மேசைக்குள் வைத்தார். மேசை இழுப்பறை சரியாக மூடவில்லை என்று கோப்பை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அந்த நேரத்தில்தான் தங்கை உள்ளே வந்தாள். வணக்கம் சொல்லக் கை கூப்பியதும் கோப்பு நழுவி, போட்டோ அவள் காலடியில் போய் விழுந்தது.

அவள் குனிந்து எடுத்தாள்.

"அது... அது வேற, அம்மா. இதோ பாருங்க, அக்காவோட நிழல் இருக்கிற போட்டோ முப்பது இருக்கு" என்று ஆல்பத்தை நீட்டினார் செயலாளர்.

தங்கை பக்கம் பக்கமாகப் புரட்டினாள். கடைசிவரை புரட்டிவிட்டு மூடினாள்.

"இது யாரு அண்ணா?"

"உங்க அக்கா."

"எங்க அக்கா கொண்டையே போட்டதில்லையே. சாகிறவரைக்கும் ஒத்தைப் பின்னல்தான்."

மண்டபத்தில் மூன்று தொண்டைகள் ஒரே நேரத்தில் கனைத்தன.

"ஆமா, பின்னல்" என்றார் தலைவர். "அந்தப் பின்னலை மறக்க முடியுமா?"

தங்கை அவரைக் கவனிக்கவில்லை. கையிலிருந்த போட்டோவை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். பிறகு நிழலை ஒற்றை விரலால் தொட்டாள்.

"இதுதான் அக்கா. இடது தோள் இறங்கியிருக்கு பாருங்க. ஒன்பது வயசுல என்னை மரத்துலேர்ந்து இறக்கப் போய், அவ விழுந்தா. அன்னிலேர்ந்து இப்படித்தான் நிப்பா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இது எப்போ எடுத்தது அண்ணா?"

செயலாளர் பிறந்ததிலிருந்து தேதியைத் தப்பாகச் சொன்னதில்லை.

"ரொம்ப முன்னால" என்றார்.

"இதையே பெரிசு பண்ணிக் குடுங்க. இது போதும் எனக்கு."

நாலரை மணிக்கு ஸ்டூடியோவிலிருந்து இரண்டு படங்கள் வந்தன. கொண்டை வைத்த நிழலைச் சுவரோரம் திருப்பிச் சாத்தினார்கள். தோள் இறங்கிய நிழலை மேடையில் துணி போட்டு மூடினார்கள். ஐந்து மணிக்கு மண்டபம் நிரம்பி வழிந்தது. பாதிப் பேர் அஞ்சலிக்கு, மீதிப் பேர் ஆவிக்கு. செயலாளர் துணியை விலக்கினார். ஒருவரும் கை தட்டவில்லை. முன்வரிசை நாற்காலிகள் மட்டும் ஒரு சாண் பின்னால் போயின.

ஆனால் தங்கை எழுந்துவந்து படத்துக்கு முன்னால் நின்று, "வந்துட்டேன் அக்கா" என்று சொன்னபோது, பயந்துகொண்டிருந்தவர்களும் அழுதார்கள். படத்தை அவள் இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு பேருந்துக்குப் போனாள். தெருமுனை வரை மொத்தக் கூட்டமும் கூடப் போனது. கொஞ்சம் தள்ளியே போனது.

செயலாளர் தனியாக மண்டபத்துக்குத் திரும்பினார். நாற்காலிக்காரர் நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். சுவரோரம் சாத்தியிருந்த படத்தை நகர்த்தப் போனவர், அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு வெட்கத்தோடு சிரித்தார்.

"என்ன சார் இது, என்னை எதுக்குப் பெரிசு பண்ணி வச்சிருக்கீங்க?"

"உன்னையா?"

"நான்தானே சார் இது. இதோ சும்மாடு." தம் தலையைத் தொட்டுக் காட்டினார். "நாற்காலி போட்டு முடிச்சதும், 'இந்தா, இதைக் கொஞ்சம் பிடிப்பா'ன்னு யாராவது காமிராவைக் கையில குடுத்துடுவீங்க. முப்பது வருஷமா நான்தான் எடுக்கிறேன்."

செயலாளர் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்போ சாவியக்கா?"

"அவங்க எங்க சார் வெளியில வந்தாங்க? நீங்கள்லாம் போட்டோவுக்கு நிக்கிற நேரத்துல உள்ள டம்ளர் கழுவிட்டு இருப்பாங்க. 'நீங்களும் போய் நில்லுங்கம்மா'ம்பேன். 'இதை முடிச்சுட்டு ஒரு வருஷம் வர்றேன்'பாங்க."

காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. செயலாளர் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் வந்தது. ஆவியுமில்லை, ஒன்றுமில்லை. காமிராவைப் பிடித்த ஆளை முப்பது வருஷமாக ஒருத்தரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நாளைக்கே தீர்மானம் போட்டு இவரையும் கௌரவிக்க வேண்டும்.

"நல்லவேளை சொன்னேப்பா! போன மாசம் எடுத்ததும் நீதான்னு தெரியாம, தெருவே நடுங்கிப் போச்சு."

நாற்காலிக்காரர் எட்டு நாற்காலியைத் தலையில் ஏற்றி, கழுத்தை நிமிர்த்திக்கொண்டார்.

"போன மாசமா? போன மாசம்தான் உங்களுக்கு நாற்காலியே வரலையே சார், நான் பொண்ணு பிரசவத்துக்குப் போய்ப் பத்து நாள் ஊர்லயே இல்ல."