காதர் பாய் கட்டிய மாளிகை

எங்கள் குடும்பத்துக்கு ஏழையாக இருக்கத் தெரியும். ஏழையாகக் காட்டிக்கொள்ளத்தான் தெரியாது. ரேஷன் கடைக்குக்கூட சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போகிற வம்சம் அது. இந்தக் குறைபாட்டால் என் இன்ஜினியரிங் படிப்பே போகப் பார்த்தது.

எழுபதுகளின் நடுவில் பி.யூ.சி. முடித்ததும் எனக்குச் சென்னையில் ஒரு சீட் கிடைத்தது. நைனாவுக்கு (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) அடி அண்ணாமலையில் கொஞ்சம் நிலம், அதில் மல்லாட்டை. வேர்க்கடலை என்று சொன்னால் எங்கள் ஊரில் யாருக்கும் புரியாது. நிலத்தை விற்றுவிடலாம் என்றார் நைனா. “வித்துட்டு இன்னாத்த துன்றது?” என்று கேட்டாள் அம்மா. இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்ததால் வீட்டில் இரண்டு நாள் யாரும் யாரோடும் பேசவில்லை.

அப்போதுதான் சென்னையில் ஓர் அறக்கட்டளை ஏழை மாணவர்களுக்குப் படிப்புச் செலவு முழுவதையும் தருகிறது என்று பேப்பரில் வந்தது. வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், டைப் அடித்த மதிப்பெண் நகல், அதன் மேல் பச்சை மையில் கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து என்று வரிசையாகக் கேட்டிருந்தார்கள். நான் தாலுகா ஆபீசைச் சுற்றிய சுற்றுக்கு மலையைச் சுற்றியிருந்தால் மோட்சமே கிடைத்திருக்கும். எப்படியோ எல்லாம் கிடைத்தன. பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று: மாணவர் தம் குடும்பத்தோடு, தம் வீட்டின் முன்னால் நிற்கும் புகைப்படம்.

எதற்காக இந்தப் படம் என்றும் இங்கிலீஷில் ஒரு வரி போட்டிருந்தார்கள். குடும்பத்தின் நிலைமையை அறிவதற்காக. வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த ஒரே மேதாவி நான். நானும் படித்தேன். படித்துவிட்டு, “வூட்டு முன்னாடி எல்லாரும் நிக்கணுமாம்” என்று மட்டும் அறிவித்தேன்.

தேரடிப் பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்த காதர் பாய் ஜட்கா வண்டியில் வந்து இறங்கினார். கூடவே காமிரா, முக்காலி, அப்புறம் கோரைப்பாய் மாதிரி சுருட்டிய ஒரு படுதா. எங்கள் கூரை வீட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். முகம் வாடிவிட்டது.

“தம்பி, இத அப்படியே எடுத்தா நம்ம கடை பேரு போயிடும்.”

“வீட்டு முன்னாடி எடுக்கச் சொல்லிக்கீறாங்க பாய்” என்றேன்.

“வூட்டு முன்னாடிதான் எடுக்கப் போறேன். படுதாவையும் வூட்டு முன்னாடிதான் கட்டப் போறேன். எங்க தப்பு சொல்லு?”

தப்பு தெரியவில்லை. இரண்டு மூங்கில் நட்டுப் படுதாவை விரித்தார். பளிங்குத் தூண்கள், வளைந்து மேலே போகும் மாடிப்படி, கீழே ஒரு குளம், குளத்தில் ஓர் அன்னம். அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். கல்யாணப் புடவையை எடுத்து வர உள்ளே ஓடினாள்; உள்ளே போக வழியில்லாமல் மாளிகையின் அடியில் குனிந்துதான் போனாள்.

அதற்குள் தெருவே கூடிவிட்டது. நைனாவின் மணிக்கட்டில் யாரோ ஒரு வாட்ச் கட்டினார்கள். அடுத்த வீட்டுக் கன்னியம்மாக்கா தன் ரேடியோவைத் தர ஒப்புக்கொண்டாள், ஆனால் ரேடியோ நிற்கிற படத்தில் தானும் நிற்பேன் என்றாள். அதை என் இரண்டு தங்கைகளில் பெரியவள் கையில் கொடுத்து, பக்கத்திலேயே காவலுக்கு நின்றாள். எனக்குப் பாய் தன் ஸ்டுடியோ கோட்டை மாட்டிவிட்டார். (அதற்கு முதுகு கிடையாது. முன்னால் மட்டும்தான் கோட்.) அந்தக் கோட்டைப் போட்ட பிறகு, எதற்காகப் படம் கேட்டார்கள் என்பதெல்லாம் எனக்கு நினைவிலேயே இல்லை. கண்ணாடியில் பார்த்தேன், கலெக்டர் தெரிந்தார்.

படம் கைக்கு வந்த அன்றே கடைசித் தேதி. ஸ்டுடியோவிலேயே விண்ணப்பத்தில் ஒட்டி நேரே தபாலாபீசுக்கு ஓடினேன். ஓடும்போது பார்த்ததும் என் முகத்தை மட்டும்தான்.

நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். நைனாவும் நானும் பஸ் ஏறிச் சென்னை போனோம். நைனாவை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னை உள்ளே அழைத்தார்கள். மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர், பக்கத்தில் வயதான ஓர் அம்மாள். பெரியவர் படத்தை என் பக்கம் திருப்பினார்.

“இது உங்க வீட்டு முன்னாடி எடுத்ததா?”

“ஆமாங்க.” (சத்தியமான வார்த்தை.)

“இந்த மாடிப்படி எங்க போகுது?”

“எங்கயும் போவாதுங்க.”

“அன்னம் வளர்க்கிறீங்களா?”

“அது காதர் பாயோடதுங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். “விண்ணப்பத்துல அஞ்சு பேர்னு போட்டிருக்க. இதுல ஆறு பேர் இருக்காங்களே, இந்த அம்மா யாரு?”

“ரேடியோக்காரங்க.”

வருமானச் சான்றிதழையும் படத்தையும் அவர் மாறி மாறிப் பார்த்தார். ஒன்று பொய் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. வேட்டி முனையைத் திருகிக்கொண்டு, நிலத்தை விற்க நைனா யாரிடம் பேச்சுக் கொடுப்பார் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

அந்த அம்மாள்தான், “அப்பாவைக் கூப்பிடுங்க” என்றார். நைனா வந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். படத்தை நீட்டினார்கள். அவர் அப்போதுதான் அதை முதல்முறை பார்க்கிறார். வந்த இடத்தையே மறந்துவிட்டார்.

“நல்லா வந்துக்கீதுங்களே” என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

அந்த அம்மாள் படத்தைத் திரும்ப வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “ஒரு சந்தேகம். இந்தப் பளிங்கு மாளிகைச் சுவத்துல வரட்டி தட்டினது யாரு?”

நானும் எட்டிப் பார்த்தேன். காற்றில் படுதாவின் ஓரம் தூக்கியிருந்தது. உள்ளே எங்கள் மண் சுவர். அதில் வரிசையாக வரட்டி, ஒவ்வொன்றிலும் ஐந்து விரல் பதிந்து. போதாததற்கு, குளத்தின் அடியிலிருந்து ஒரு கோழி வெளியே வந்துகொண்டிருந்தது.

“எங்க வூட்டுக்காரம்மாதாங்க தட்டினது” என்றார் நைனா. “அவ மாதிரி வட்டமா எங்க ஊர்லயே யாரும் தட்ட மாட்டாங்க.”

அவ்வளவுதான். அந்த அம்மாள் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “முழுசாச் சொல்லுங்க” என்றார். நைனா படுதா, வாட்ச், ரேடியோ, முதுகில்லாத கோட்டு என்று ஒன்று விடாமல் சொன்னார். கடைசியில் பெரியவரும் சிரித்து, சான்றிதழை மேலேயும் படத்தைக் கீழேயும் வைத்துக் கையெழுத்துப் போட்டார். நிலம் தப்பியது. பஸ் செங்கம் ரோட்டுக்குள் திரும்புகிற வரைக்கும் நைனாவும் நானும் சிரித்துக்கொண்டே வந்தோம். அவரோடு அப்படி ஒரு நாளும் நான் சிரித்ததில்லை.

வீட்டில் அம்மாவுக்கு மட்டும் மனசே ஆறவில்லை. “பட்டணத்துக்காரங்க என் வரட்டியப் பாத்துட்டாங்களா? மொதல்லயே சொல்லியிருந்தா பின்பக்கத்துச் சுவத்துல தட்டியிருப்பேனே” என்று ஒரு வாரம் புலம்பினாள்.

படிப்பு முடிந்து, வேலை கிடைத்து, எண்பதுகளின் கடைசியில் வேங்கிக்காலில் ஒரு வீடு கட்டினேன். மாடி வீடு. கிரகப்பிரவேசத்தன்று அம்மா ஒவ்வொரு அறையாகப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தாள். படியேறி மொட்டை மாடி வரை போய், மெதுவாக இறங்கி வந்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். வந்திருந்த விருந்தாளிகள் எல்லாரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நல்லாதாண்டா கீது” என்றாள் அம்மா. “ஆனா நம்ம மொத மாளிகைக்கு இது கம்மிதான்.”