தேவையில்லாததை அடிக்கவும்

காலை ஆறே காலுக்கு வாசலில் வந்து விழும் பால் பாக்கெட்டை, செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு தோட்டத்துக் குழாயடிக்குப் போய், சோப்புப் போட்டுக் கழுவி, திருப்பிப் பிடித்து இன்னொரு தரம் கழுவி, முனையில் கிளிப் மாட்டித் துணிக்கொடியில் காயப்போடுகிறாரே ஒருவர், அவரைக் கொஞ்சம் நின்று பாருங்கள். வீட்டில் அவர் செய்யும் வேலை அது ஒன்றுதான். அதனால் அவசரப்படமாட்டார்.

இவர்தான் யோசித்துச் சொல்லும் அப்பா.

கொரோனா வருவதற்கு முன்பும் இந்த இனம் நம்மிடையே இருந்தது. ஆனால் அதன் தகுதிக்கு ஏற்ற விஷயம் ஒன்றும் அப்போது அமையவில்லை. வீட்டுக்கு என்ன பெயின்ட், வண்டிக்கு என்ன கலர் என்று சில்லறையாக யோசித்துக் காலத்தைக் கழித்து வந்தது. இரண்டாவது அலை ஓய்ந்து, வாரத்துக்கு மூன்று நாள், அதுவும் அரைநாள், பள்ளிக்கூடத்தைத் திறக்கலாம் என்று அறிவிப்பு வந்ததும்தான் இந்த அப்பாவின் வாழ்க்கைக்கு ஒரு அர்த்தம் வந்தது. பிள்ளையை அனுப்புவதா, வேண்டாமா? எவ்வளவு பெரிய கேள்வி! வருஷக்கணக்கில் யோசிக்கலாம்.

பாகூரிலும் இவரைப் பார்க்கலாம், திருக்கனூர் கடைத்தெருவிலும் பார்க்கலாம். நான் பக்கத்திலிருந்து பார்த்தவர், வில்லியனூருக்கு மேற்கே ஒரு கோயில் தெருவில் குடியிருக்கும் இக்னேஷியஸ். புதுச்சேரியில் ஒரு அலுவலகத்தில் எழுத்தர். தினமும் அறுபது பேர் தொங்கும் பஸ்ஸில் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலைக் காற்றிலும் வைத்துப் போய் வருவார். முகக்கவசம் தாடையில் இருக்கும். டிக்கெட் வாங்கும்போது மட்டும் கண்டக்டருக்கு மரியாதையாக மூக்குவரை ஏற்றி, சில்லறை வாங்கியதும் இறக்கிவிடுவார்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் வந்தது. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகள் ஜோஸ்பின் கொண்டுவந்து நீட்டினாள். இரண்டே வரி. ‘என் மகன்/மகளைப் பள்ளிக்கு அனுப்பச் சம்மதிக்கிறேன்.’ அதற்குக் கீழே, ‘அனுப்பச் சம்மதமில்லை.’ அதற்கும் கீழே, ‘தேவையில்லாததை அடிக்கவும். பெற்றோர் கையொப்பம்.’ திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். சம்மதித்தவர்களின் பிள்ளைகளுக்குச் செவ்வாய் முதல் வகுப்பு. மற்றவர்களுக்குப் பழையபடி செல்போன்.

தாளைக் கையால் வாங்குவாரா அவர்? “கொடியில மாட்டுமா. ரெண்டு நாள் வெயில் படட்டும்” என்றார். ‘அவசரம்’ என்று தலைப்பில் போட்டிருந்த அந்தத் தாள், பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் இரண்டு நாள் ஆடிக்கொண்டிருந்தது.

ஜோஸ்பினுக்கு அந்த ஆட்டத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. காரணம் இருந்தது. வீட்டில் ஒரே ஸ்மார்ட் போன். அது அப்பாவோடு எட்டு மணி பஸ்ஸில் ஏறிப் போய்விடும். வகுப்போ பத்து மணிக்கு. மாலை ஏழு மணிக்குப் போன் வீடு திரும்பும்போது அதில் நூற்று நாற்பது மெசேஜ் இருக்கும், பேட்டரி நாலு சதவீதம் இருக்கும். அதைச் சார்ஜில் செருகிவிட்டுச் சுவர் ஓரமாகக் குந்தி, டீச்சர் அனுப்பிய கரும்பலகைப் படங்களைப் பெரிதாக்கி நோட்டில் எழுதுவாள். சமன்பாட்டில் பாதி டீச்சரின் தலைக்குப் பின்னால் இருக்கும். இப்படி ஒன்றரை வருஷம். எட்டாவது பரீட்சையே இல்லாமல் பாஸ். அடுத்த வருஷம் பத்தாவது.

“எனக்குக் கணக்குல ஒண்ணுமே தெரியலம்மா. பத்தாவதுல போய் இன்னா பண்ணுவேன்?” என்று அம்மா ஆனி மேரியிடம் ஒரு நாள் சொன்னாள்.

ஆனி மேரி புருஷனிடம் கேட்டாள். “இன்னாங்க, அந்தத் தாளு?”

“யோசிச்சுச் சொல்றேன்.”

இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கண் பாதி மூடும். கை தாடைக்குப் போகும். அங்கே இருக்கும் முகக்கவசத்தைத் தடவிக் கொடுக்கும். உலக சுகாதாரமே தன் சம்மதத்துக்காக வாசலில் காத்திருப்பதுபோல ஒரு பெருமூச்சு வரும். ஆனால் அவர் உண்மையில் யோசிப்பதில்லை. யோசிப்பது என்றால் அவர் அகராதியில் நாலு பேரைக் கேட்பது.

பிரான்சில் இருக்கும் மைத்துனன் சகாய சுரேஷைக் கேட்டார். அவன் ஆடியோ அனுப்பினான். “மாமா, இங்கலாம் எப்பவோ தொறந்தாச்சு. எம் புள்ளைங்க ஜாலியா போவுதுங்க. பயப்படாம அனுப்புங்க.”

“அது குளிர் நாடு. அங்க கத வேற” என்றார்.

அலுவலகத்தில் ஒருவர், வேண்டவே வேண்டாம், மூன்றாவது அலை பிள்ளைகளைத்தான் தேடி வருமாம் என்றார். “அவருக்குப் புள்ளையே இல்ல. அவருக்கு இன்னா தெரியும்?” என்றார் இவர். யார் சொன்னதையும் அவர் ஏற்கவில்லை என்று நினைக்காதீர்கள். எல்லாரும் சொன்னதையும் ஏற்றுக்கொண்டார். அதுதான் சிக்கல்.

பக்கத்து வீட்டுத் தங்கவேல் கரும்பு விவசாயி. அவர் மகள் செல்வகுமாரியும் அதே ஒன்பதாவதுதான். இரண்டு அப்பாக்களும் மதில் சுவரின் இரண்டு பக்கமும் நின்று பேசிக்கொண்டது இது:

“இன்னா இக்னேஷு, அனுப்புறியா?”

“நீ அனுப்புறியாப்பா?”

“நீ அனுப்புனா நானும் அனுப்புவேன்.”

“நீ அனுப்புனாத்தான்பா எனக்குத் தைரியம்.”

“ஒன்ன மாரி யாரு ஜாக்கிரதையா இருக்காங்க? பாலையே கழுவுற ஆளு நீ. நீ சொன்னா சரியா இருக்கும்.”

“நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா எம் மேல வரும் இல்ல?”

“அதுக்குத்தான் நீ மொதல்ல அனுப்புன்றேன்.”

சுவருக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஜோஸ்பினும், அந்தப் பக்கம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த செல்வகுமாரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மகளை இக்னேஷியஸ் வெளியே எங்கும் விடுவதில்லை என்றா நினைக்கிறீர்கள்? அபாண்டம். போன ஞாயிறு கரிக்கலாம்பாக்கத்தில் ஒரு மண்டபத்தில் நிச்சயதார்த்தம். முந்நூறு பேர். பந்தியில் ஒருவர் எழுந்திருக்கும்போதே அடுத்தவர் நாற்காலியில் கை வைத்துக் காத்திருக்கும் அந்தக் கூட்டத்தில் குடும்பத்தோடு போய்ப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தார். கேட்டதற்கு, “எல்லாம் நமக்குத் தெரிஞ்ச ஜனம்தான்” என்றார். வைரஸ் அறிமுகமில்லாதவர்களிடம்தான் இருக்கும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. மாலையானால் ஜோஸ்பின் டியூஷனுக்குப் போவாள். பத்துக்குப் பத்து அறையில் இருபத்திரண்டு பிள்ளைகள், முட்டி முட்டியை இடித்துக்கொண்டு. எல்லாம் அதே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். “அது டியூஷன்” என்றார் இக்னேஷியஸ். அதற்குமேல் என்ன கேட்க முடியும்?

சனிக்கிழமை காலை தாள் நன்றாகக் காய்ந்துவிட்டது. கொடியிலிருந்து எடுத்து, கண்ணாடி போட்டு, சப்பணமிட்டு உட்கார்ந்தார். சகாய சுரேஷின் ஆடியோவை இன்னொரு தரம் கேட்டார். தைரியம் வந்தது. ‘அனுப்பச் சம்மதமில்லை’ என்ற வரியை ஸ்கேல் வைத்து நேர்கோடாக அடித்தார். ஜோஸ்பின் கதவோரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே ஓடி அம்மாவிடம் சொன்னாள். ஆனி மேரி அன்றே டிரங்குப் பெட்டியைத் திறந்து யூனிபாரத்தை எடுத்தாள். ஒன்றரை வருஷத்தில் பெண் ஒரு சாண் வளர்ந்திருந்தாள். ஓரத்தைப் பிரித்து இறக்கித் தைத்து, பாச்சை உருண்டை வாசனை போகத் துவைத்து, கொடியில் போட்டாள்.

மாலையில் டிவியில் ஏதோ ஒரு மாநிலத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று சிவப்பு எழுத்தில் ஓடியது. இக்னேஷியஸ் தாளை எடுத்தார். மற்ற வரியையும் அடித்தார். அதையும் ஸ்கேல் வைத்துத்தான் அடித்தார். கீழே, இரண்டு சுழியும் மூன்று புள்ளியுமாகத் தன் அழகான கையெழுத்தைப் போட்டு, மடித்து, மகள் கையில் கொடுத்தார். அன்று அவர் நன்றாகத் தூங்கினார். ஒரு தகப்பன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட தூக்கம்.

திங்கட்கிழமை மாலை பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருக்கும்போது வகுப்பு ஆசிரியை ஆதிலட்சுமியிடமிருந்து போன் வந்தது.

“சார், ரெண்டு வரியையும் அடிச்சிருக்கீங்க.”

“ஆமா மேடம். ரெண்டுலயும் ரிஸ்க்கு இருக்குதே.”

“அப்ப பொண்ணு எங்கதான் சார் இருக்கணும்?”

“அதத்தான் மேடம் யோசிச்சுட்டு இருக்கேன்.”

ஆசிரியை சொன்னார். “உங்க தெருவுல உங்களத் தவிர எல்லாரும் சம்மதம் குடுத்துட்டாங்க சார். கேட்டா, இக்னேஷியஸ் சார் வூட்டுக் கொடியில யூனிபாரம் காயுது, அவரே அனுப்புறாரு, அப்புறம் நமக்கு இன்னா பயம்னு சொல்றாங்க. வேற தாள் ஒண்ணு செல்வகுமாரிகிட்ட குடுத்தனுப்பியிருக்கேன். நாளைக்குக் காலையில வேணும். இல்லன்னா இந்த மாசம் முழுக்கப் போன்லதான்.”

வேறு ஒருவராக இருந்தால் வெட்கப்பட்டிருப்பார். இவர் பெருமைப்பட்டார். ஒரு தெருவையே வழிநடத்தியிருக்கிறார், அதுவும் ஒன்றும் செய்யாமலே! வீட்டுக்கு வந்ததும் மதில் சுவருக்கு மேல் தங்கவேல் தலை தெரிந்தது. “ஒன் யூனிபாரத்தப் பாத்துதான் கையெழுத்துப் போட்டேன் இக்னேஷு. இப்ப நீ போடலன்னா எப்பிடி?” என்றது அந்தத் தலை. “ஒரு ராத்திரி டைம் குடுப்பா” என்றார் இவர்.

செவ்வாய் காலை. அவர் குழாயடியில் பாலைக் கழுவிக்கொண்டிருந்தார். ஜோஸ்பின் யூனிபாரத்தில், பையை மாட்டிக்கொண்டு, புதுத் தாளோடு அடுக்களையில் நின்றாள். இறக்கித் தைத்த இடத்தில் பழைய மடிப்பு ஒரு கோடாகத் தெரிந்தது. அவள் அழவில்லை. அழுவதற்கு முந்தின இடத்தில் இருந்தாள்.

“அப்பா இன்னும் யோசிக்கிறாரும்மா.”

ஆனி மேரி இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். “இன்னா எழுதியிருக்கு அதுல? படி.”

“பெற்றோர் கையொப்பம்.”

“அப்பா கையொப்பம்னு எழுதலியே? குடு இங்க.”

முந்தானையில் கையைத் துடைத்தாள். மளிகைச் சீட்டு எழுதும் பேனாவால் ஒரு வரியை அடித்தாள். ஸ்கேல் இல்லாததால் கோடு கொஞ்சம் ஏறி இறங்கியது. ‘அ. ஆனி மேரி’ என்று எழுதினாள். நான்கு விநாடி ஆகியிருக்கும். ஓரத்தில் மாவு பட்ட கட்டைவிரல் தடம் ஒன்று, கேட்காமலே சாட்சி போட்டது.

ஜோஸ்பின் தாளையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். “இத நீ மொத நாளே போட்டிருக்கலாமேம்மா?”

“யாருடி என்னக் கேட்டீங்க?”

இக்னேஷியஸ் பால் பாக்கெட்டைக் கையில் ஏந்தி உள்ளே வரும்போது மகள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். “வரேம்பா!” வெளியே செல்வகுமாரி நின்றாள்.

“யாருகிட்டயும் தண்ணி வாங்கிக் குடிக்காத! யாரையும் தொடாத! ஆறடி! ஆறடி!” என்று அவர் வாசல்வரை கூவிக்கொண்டு ஓடினார். அதற்குள் பெண்கள் இரண்டும் கை கோத்துக்கொண்டு தெருமுனை தாண்டிவிட்டன.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கொரோனா போயாயிற்று, இவரும் போயிருப்பார் என்றுதானே? போன வாரம் உங்கள் பிள்ளையும் ஒரு தாளை நீட்டியதே. சுற்றுலாவோ, விளையாட்டுப் போட்டியோ, பதினோராம் வகுப்பில் என்ன பாடம் எடுப்பது என்பதோ. ‘அங்க வை, பாக்குறேன்’ என்று சொன்னீர்களே. அந்தத் தாள் இப்போது எங்கே? ஃபிரிட்ஜ் மேலே, கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில் போய்ப் பாருங்கள். உங்கள் வீட்டிலும் யாராவது மாவுக் கையோடு பேனாவைத் தேடிக்கொண்டிருக்கலாம்.

இக்னேஷியஸ் உள்ளே வந்து நாற்காலியில் சாய்ந்தார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பெரிய பாரம் இறங்கியதுபோல இருந்தது அவருக்கு. ஆனாலும் ஏதோ ஒன்று உறுத்தியது. மேசை துடைத்துக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தார்.

“ஏன் ஆனி, கடைசியில நான் இன்னா முடிவு பண்ணேன்?”

ஆனி மேரி மேசைமேல் இருந்த பால் பாக்கெட்டை எடுத்தாள். அதன் முனையைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். அடுக்களைக்குள் போய்விட்டாள்.