மாவு அக்காவும் பொடியின் பரீட்சையும்

மாவு அக்காவிடம் ‘முடியாது’ என்று சொல்லிவிட்டுத் தப்பித்த மனிதர் படூரில் ஒருவர்கூடக் கிடையாது. எங்கள் அடுக்ககத்தின் வாசலில் இட்லி மாவுக் கடை வைத்திருந்தார். “புது மாவு வந்தாச்சு” என்று அவர் சாதாரணமாகச் சொன்னாலே நாலாவது மாடிக்காரர்கள் பாத்திரத்தோடு இறங்கி வந்துவிடுவார்கள். அப்படி ஒரு குரல்.

அவர் வளர்த்தது பொடி என்கிற நாட்டு நாய். ஒரு வயதைத் தாண்டியும் துள்ளல் அடங்கவில்லை. ஆனால் எந்தக் குழந்தை அழுதாலும் ஓடிப்போய் அதன் காலடியில் படுத்துக்கொள்ளும். சிறுசேரியில் வேலை பார்க்கும் வாடிக்கைக்காரப் பெண் ஒருத்தி இதைக் கவனித்தாள். இப்படிப்பட்ட நாய்களை முதியோர் இல்லங்களுக்கு ஆறுதலுக்காகக் கூட்டிப்போகிறார்கள், அதற்கு ஒரு பரீட்சை உண்டு என்று சொல்லிவைத்தாள். பொடியைப் பரீட்சைக்குப் பழக்க, அன்றிலிருந்து எங்கள் கார் நிறுத்துமிடம் ஆஸ்பத்திரி ஆயிற்று.

நான்தான் நோயாளி. பத்திரிகையில் எழுதுகிறவன் பகலெல்லாம் வீட்டில் இருக்கிறான், ஆகவே சும்மா இருக்கிறான் என்பது அக்காவின் முடிவு. யார் வீட்டிலிருந்தோ சக்கர நாற்காலி வந்தது. அதில் உட்கார்ந்து நான் இரும வேண்டும், முனக வேண்டும், பொடியின் காதை முரட்டுத்தனமாகப் பிடித்துத் தடவ வேண்டும். வாட்ச்மேன் கம்பை ஊன்றி நொண்டியபடி குறுக்கே போவார். அக்கா பின்னாலிருந்து இட்லிக் குண்டான் மூடியைத் தரையில் போடுவார். பொடி அசையவே இல்லை. நான்தான் ஒவ்வொரு முறையும் துள்ளினேன்.

“நாயே சும்மா கீது. நீ இன்னா சார் குதிக்கிற?” என்றார் அக்கா.

மூக்குக்கு முன்னால் வடையை வைத்து, தொடாமல் இருக்கப் பழக்கியதுதான் பெரும்பாடு. ரொம்ப நாள் வடை பொடிக்கே போனது. இதற்கிடையே என்னைச் சக்கர நாற்காலியில் பார்த்த ஒருவர் சேதியைப் பரப்பிவிட, வீட்டுக்கு ஹார்லிக்ஸ் பாட்டில்கள் வந்தன. என் மனைவி எதையும் மறுக்கவில்லை.

பரீட்சை கேளம்பாக்கத்தில் ஒரு கூடத்தில் நடந்தது. ஓரமாக உட்கார்ந்து நானும் பார்த்தேன். தட்டு விழுந்தது, சக்கர நாற்காலி உருண்டது, பிஸ்கட் தரையில் கிடந்தது. பொடி எதையும் சட்டை செய்யவில்லை. கடைசிச் சோதனையில், முன்பின் தெரியாத ஒருவரிடம் நாயை விட்டுவிட்டு அக்கா கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். கதவைச் சாத்தியதுதான் தாமதம், வெளியிலிருந்து குரல் வந்தது.

“பொடி, பயப்படாத. நான் இங்கதான் கீறேன்.”

அதுவரை பயமே இல்லாமல் உட்கார்ந்திருந்த பொடி, கயிற்றை உருவிக்கொண்டு கதவின்மேல் பாய்ந்தது.

பரீட்சை நடத்திய அம்மா சிரிக்கவில்லை. “நாய் தயாரா இருக்கும்மா. நீங்கதான் இன்னும் கொஞ்சம் பழகணும்” என்றார்.

திரும்பும்போது ஆட்டோவில் அக்கா பேசவில்லை. அதுவே எனக்குக் கலவரமாக இருந்தது. படூர் நெருங்கும்போது மெதுவாகச் சொன்னார்: “எங்க வூட்டுக்காரரு ஆஸ்பத்திரில கெடந்தப்போ, டீ வாங்கினு வரலாம்னு வெளில போனேன் சார். திரும்பி வந்தா ஆளு இல்ல. பக்கத்துல ஒரு உசுரு இல்லாம போய்ட்டாரு. அதான், கதவாண்ட நின்னா எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.”

பொடி அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் முதல் பயிற்சி அக்காவுக்கு. பொடியை வாட்ச்மேனிடம் விட்டுவிட்டு மாடிப்படிக் கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டும். முதலில் கதவைச் சாத்தவே விடவில்லை. பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். போகப்போக முந்தானை தேவைப்படவில்லை. மாவு வாங்க வந்தவர்கள்கூடக் கதவு திறக்கும்வரை சத்தம் போடாமல் காத்திருந்தார்கள்.

இரண்டாவது முறை பரீட்சைக்குப் போனபோது, கடைசிச் சோதனையில் நானும் அவரோடு கதவுக்கு வெளியே நின்றேன். என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை இல்லை. கதவு திறந்தது. உள்ளே பொடியைப் பிடித்திருந்த புது ஆளின் செருப்பின்மேல் தலைவைத்து அது குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

பாஸானது அக்காவுக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. “இன்னா சார் இது, என்னைத் தேடவே இல்லியா?” என்று வீடு வரைக்கும் புலம்பிக்கொண்டே வந்தார்.

இப்போது ஞாயிறு காலைகளில் அக்காவும் பொடியும் கோவளம் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய்விடுகிறார்கள். கடை மத்தியானத்துக்கு மேல்தான் திறக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுக்ககத்தில் எல்லா வீட்டிலும் உப்புமா. இதுவரை ஒருவரும் முகம் சுளித்ததில்லை.