பேர் ஓடி முடியும் வரை

வேலை மணி அடித்து ஓய்ந்துவிட்டது. பெல்ட்டும் ஓட ஆரம்பித்துவிட்டது. அதன் இரண்டு பக்கமும் ஸ்டூல்கள் இருந்தன, ஆட்களைத்தான் காணோம். கைப்பிடி மாட்டாத இஸ்திரிப் பெட்டி ஒன்று தன்பாட்டுக்கு நகர்ந்து போய், பெல்ட்டின் கடைசியில் தொப்பென்று விழுந்தது. அதைக் குனிந்து எடுத்தவர் லைன் சூப்பர்வைசர் முனிரத்தினம்.

ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் இருந்த அந்தச் சின்னத் தொழிற்சாலையில் ஒளிந்துகொள்ள வேறு இடம் கிடையாது. பெட்டியைக் கையில் பிடித்தபடியே விறுவிறுவென்று நடந்தார். ‘மனமகிழ் மன்றம்’ என்று பலகை மாட்டிய அறைக் கதவைத் தள்ளினார்.

உள்ளே மொத்த ஷிப்டும் எழுந்து நின்றுகொண்டிருந்தது. எதிரே டி.வி.

முதலாளி ஜப்பான் போய்விட்டு வந்தபோது ஒரு வீடியோ கேம் வாங்கி வந்து, ஆயுத பூஜையன்று தொழிலாளர்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார். தொண்ணூற்றொன்றில் அந்த வட்டாரத்தில் யாரும் பார்த்திராத சாமான் அது. குல்லாய் போட்ட குட்டி ஆள் ஒருவன் மலை, மரப்பாலம், பாதாளம் எல்லாம் தாண்டிப்போய் ஒரு பூதத்தைக் கொல்ல வேண்டும். பெட்டியைச் சூடேற்றுகிற கம்பிச்சுருளான காயிலைப் பொருத்துகிற நடேசன் ஒருவன்தான் பூதம் வரைக்கும் போகத் தெரிந்தவன். சாப்பாட்டு நேரம் பூராவும் அவன் ஆடுவான், மற்றவர்கள் பார்ப்பார்கள். அதுவரைக்கும் முனிரத்தினத்துக்கு ஒரு வருத்தமும் இல்லை. பூதம் செத்த பிறகுதான் வம்பே ஆரம்பித்தது.

"அதான் பூதம் செத்துப்போச்சே. இன்னும் இன்னாத்த பாத்துகினு கீறீங்க?"

"பேரு ஓடுது சார்," என்றான் நடேசன்.

கறுப்புத் திரையில் வெள்ளை வெள்ளையாய் ஜப்பான் எழுத்துக்கள் வரிவரியாகக் கீழிருந்து மேலே போய்க்கொண்டிருந்தன. அவசரமே இல்லாமல் போயின.

"யாரு பேரு?"

"இந்த கேமைச் செஞ்சவங்க பேரு," என்று குறுக்கே வந்தான் யாக்கோபு. கைப்பிடி மாட்டுகிறவன். தண்டலத்துக்காரன். அவன் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் விடமாட்டான் என்பது கம்பெனி முழுக்கத் தெரியும்.

"உனுக்கு ஜப்பான் எழுத்து படிக்கத் தெரியுமா?"

"தெரியாது சார். சின்ன வயசுல பாதர் லத்தீன்ல பூசை வெச்சாரு. அதுவும் புரியாது. எழுந்துதான் நின்னோம்."

"நடேசா, பட்டனை அமுக்கித் தாண்டிப் போப்பா."

"எல்லாப் பட்டனையும் அமுக்கிப் பாத்துட்டேன் சார். தாண்ட முடியல. ஓடித்தான் தீரும்."

யாக்கோபு டி.வி.யைப் பார்த்தபடியே பேசினான். "ஒரு நாளைக்கு எத்தினி பொட்டி செய்றோம்? எதுலனா எம் பேரு கீதா, நடேசன் பேரு கீதா? அந்த ஊர்ல தொழிலாளி பேரைப் போட்டுகீறான். ஒரு தொழிலாளி பேரு ஓடச்சொல்ல இன்னொரு தொழிலாளி எழுந்து போறது அவனை அவமானப்படுத்துற மாதிரி."

முனிரத்தினத்துக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் பேர் ஓடி முடியும்வரை நின்றார். வேறென்ன செய்வது?

அன்று சாயங்காலம் ஒர்க்ஸ் மேனேஜர் சுப்பராயன் அவரைக் கூப்பிட்டார்.

"முனிரத்தினம், போர்மேன் போஸ்ட் காலியா இருக்கு. உங்க பேரைத்தான் எழுதி வெச்சிருக்கேன். ஆனா மணி அடிச்சா லைன்ல ஆள் இருக்கணும். ஒரு வீடியோ கேமை நிறுத்த முடியாதவர் ஒரு ஷெட்டை எப்படி நடத்துவார்னு முதலாளி கேட்டா நான் என்ன சொல்றது?"

போர்மேன் நாற்காலிக்காக முனிரத்தினம் தலை நரைக்கும்வரை காத்திருந்தவர். மறுநாள் மணி அடித்ததும் நேராக மன்றத்துக்குப் போனார். திரையில் பேர் பாதி ஓடியிருந்தது. சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினார்.

திரை அடங்கியது.

"பாதியில நிறுத்திட்டீங்க," என்றான் யாக்கோபு.

"ஆமா. நிறுத்திட்டேன். போய் வேலையைப் பாருங்க."

"மேல போனவன் பேரை மட்டும் பாத்துட்டு, கீழ இருக்கிறவன் பேரைப் பாக்காம போனா என்னா நியாயம் சார்? முதல்லேர்ந்து ஓடட்டும். அப்பால போறோம்."

முதலிலிருந்து பேர் ஓட வேண்டுமானால் பூதம் சாக வேண்டும். பூதம் சாக வேண்டுமானால் மலை, மரப்பாலம், பாதாளம் எல்லாம் மறுபடியும் தாண்ட வேண்டும். நடேசன் உட்கார்ந்தான். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்று முறைத்துக்கொண்டிருந்ததால் பட்டனை மாற்றி மாற்றி அமுக்கினான். குட்டி ஆள் மரப்பாலத்திலிருந்து திரும்பத் திரும்பக் கீழே விழுந்தான்.

"ஓரமா வுடாதடா, நடுவுல வுடு," என்று கடைசியில் முனிரத்தினமே சொல்லிக் கொடுக்கும்படி ஆகிவிட்டது.

அன்றைக்கு லைன் ஓடியபோது டீ வேளை வந்துவிட்டது.

அதற்கு மறுநாள் அவர் பிளக்கின் பக்கமே போகவில்லை. ஆனால் பேர் ஓடும்போது கரண்ட் போய்விட்டது. ஊர் பூராவும் போன கரண்ட். அதை யார் நம்பினார்கள்? "மெயினை ஆப் பண்ணிட்டாரு" என்று பேச்சுக் கிளம்பியது. கரண்ட் வந்ததும் நடேசன் மறுபடி மலையேறினான்.

முனிரத்தினம் யோசித்துப் பார்த்து ஒரு சமாதானம் சொன்னார். "எல்லாரும் நிக்க வேணாம். உங்க எல்லார் சார்பாவும் ஒருத்தர் நின்னு மரியாதை பண்ணட்டும். மத்தவங்க வேலைக்குப் போங்க."

யாக்கோபு கூட நல்ல யோசனை என்றான். அந்த ஒருவர் யார் என்ற கேள்வி வரும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. காயில் போடுகிறவர் நின்றால் கைப்பிடிக்காரருக்கு எப்படிச் சார்பு ஆகும்? ஒயர் செக்ஷனுக்கு ஒருவர், மூடி செக்ஷனுக்கு ஒருவர் என்று ஆனது. பேக்கிங்கில் இருந்த ரஞ்சனி நேராக வந்து, "பொம்பளைங்க சார்பா ஆம்பளை நிப்பாரா சார்?" என்று கேட்டாள். அவளுக்கும் ஒரு இடம் கொடுத்தாயிற்று. மணி அடித்த பிறகு ஒவ்வொரு செக்ஷனிலும் ஒரு ஆள் குறைந்தது. ஒரு செக்ஷனில் ஆள் குறைந்தாலே பெல்ட் நிற்கும். எல்லாச் செக்ஷனிலும் குறைந்தால் கேட்க வேண்டுமா?

பிறகு ஆட்டத்தையே ஷிப்ட் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளச் சொன்னார். ‘உங்க நேரம், உங்க கேம், எவ்ளோ நேரம்னாலும் நில்லுங்க’ என்று கைகழுவிவிட்டதாக நினைத்து நிம்மதியாக டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். கம்பெனி பஸ் காலியாக நின்றது. டிரைவரும் இல்லை. டிரைவர் உள்ளே பூதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தபோது எலெக்ட்ரிக் டிரெயின் கிளம்பிப் போயிருந்தது. அந்த டிரெயினைத் தவறவிட்டவர்களில் முக்கியமானவர் ஒர்க்ஸ் மேனேஜர் சுப்பராயன்.

"செங்கல்பட்டுலேர்ந்து ஒருத்தர் போர்மேன் வேலைக்குக் கேட்டுட்டே இருக்கார்," என்றார் அவர், பிளாட்பாரத்தில் நின்றபடி.

படப்பையில் வீட்டுக்கு வந்த முனிரத்தினம் சட்டையைக்கூடக் கழற்றாமல் கத்தினார். ஜப்பான்காரனைத் திட்டினார், முதலாளியைத் திட்டினார், பூதத்தையும் திட்டினார். அவர் மனைவி மீனம்மாள் சாதத்தைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அவங்களுக்கு இன்னாதான் வேணுமாம்?"

"பேராம். எவனோ பேரு. ஊர் தெரியாத, மூஞ்சி தெரியாதவன் பேரு. அதுக்கு இத்தினி பேஜாரு."

"எங்க சித்தப்பா வூட்டுக் கல்யாணப் பத்திரிகையில உங்க பேரை வுட்டுட்டாங்கன்னு நீங்களும் போவல, என்னியும் போவ வுடல. இன்னிக்கு வரிக்கும் அவங்க வூட்டு வாசப்படி மிதிக்கல."

"அது வேற."

"இன்னா வேற?"

அது வேறுதான். எப்படி வேறு என்று மட்டும் முனிரத்தினத்துக்குச் சொல்ல வரவில்லை. ரசம் ஊற்றுகிற நேரத்தில் அவருக்கு ஒரு யோசனை உதித்தது.

மறுநாள் காலையில் யாக்கோபைத் தனியே கூப்பிட்டார். "இஸ்திரிப் பொட்டி போற ஒவ்வொரு அட்டைப் பெட்டியிலயும் ஒரு சீட்டு அடிச்சுப் போடலாம். ‘இதைச் செய்தவர்கள்’னு உங்க எல்லார் பேரும். மேனேஜர்கிட்ட நான் பேசறேன். கேமைப் பழையபடி சாப்பாட்டு நேரத்துலயே ஆடுங்க. ஆனா ஒண்ணு. மணி அடிச்சா லைனுக்கு வந்துரணும்."

யாக்கோபுக்குக் கண் கலங்கிவிட்டது. "எம் பேரு அச்சுல வருமா சார்?"

"வரும்."

"எங்க பசங்க பார்ப்பாங்க சார்," என்றான். அந்த ஒரு நிமிடம் முனிரத்தினத்துக்கு அவன்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

சாப்பாட்டு மணிக்குள் அந்தக் கோபம் திரும்ப வந்துவிட்டது. யார் பேர் முதலில் என்று தகராறு. காயில் இல்லாவிட்டால் பெட்டி வெறும் இரும்புதானே என்றான் நடேசன். கைப்பிடி இல்லாமல் அதை உன் மூக்கில் மாட்டித் தேய்ப்பாயா என்றான் யாக்கோபு. சீட்டை உள்ளே வைக்கப்போவதே நாங்கள்தான் என்று ரஞ்சனி நினைவூட்டினாள். அகர வரிசைப்படி போடலாம் என்றால் யாக்கோபு கிட்டத்தட்டக் கடைசிக்குப் போய்விடுவான், அவன் ஒப்புக்கொள்ளவில்லை. இத்தனை சண்டையிலும் முனிரத்தினத்தின் பேரை ஒருவரும் சொல்லவில்லை. கல்யாணப் பத்திரிகை போலவே இதிலும் விட்டுவிட்டார்கள்.

"உங்கள்ல யாரு முதல்ல வந்தாலும் சண்டை," என்றார் மெதுவாக. "அதனால பொதுவா சூப்பர்வைசர் பேரை மேல போட்டுரலாம். அப்பால நீங்க எப்பிடி வேணா வாங்க."

"கையால செய்றவங்க பேருதான சார்?" என்று இழுத்தான் யாக்கோபு.

"கீழ வுழுந்த பொட்டியை எல்லாம் பொறுக்கினது யாரு கையி?"

யாருக்கும் கிடைக்காத இடம் அவருக்கே போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். மேனேஜர் சரி என்றதும் அச்சகத்துக்கு அவரே நேரில் போனார். தன் பேரைக் கொஞ்சம் தடித்த எழுத்தில் போடச் சொன்னார். ‘மேற்பார்வை’ என்று முன்னால் போடட்டுமா என்று அச்சகத்துக்காரர் கேட்டதற்கு, வேண்டாம், செய்தவர்களில் ஒருவராகவே இருக்கட்டும் என்று பெருந்தன்மையோடு சொல்லிவிட்டார். முதல் சீட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியாகிவிட்டது. மீனம்மாள் அதைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போய்ச் சிரித்தாள்.

லைன் மாறிப்போனது. மணி அடிப்பதற்கு முன்பே ஸ்டூல்கள் நிறைந்தன. பக்கத்து அறையில் பூதம் செத்து, ஜப்பான் பேர்கள் காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தன. ஒருநாள் முனிரத்தினமே மனசு கேட்காமல் யாக்கோபிடம் கேட்டார்.

"பேரு ஓடுதே, நிக்கலையா?"

"அது பாட்டுக்கு ஓடட்டும் சார். அவங்களை எவனுக்குத் தெரியும்?" என்றான் யாக்கோபு, தன் பேர் இருக்கிற சீட்டைப் பேக்கிங்கில் இருந்த ஒரு அட்டைப் பெட்டியில் நிமிர்த்தி வைத்தபடி.

வேலை அதிகமாயிற்று. பேர் போட்டுப் போகிறதே என்று ஆளுக்கு ஆள் வேகம். பெட்டிகள் லாரி லாரியாகப் போயின. சுப்பராயன் முனிரத்தினத்தின் போர்மேன் நியமன ஆர்டரை டைப் அடிக்கச் சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தது. அங்கே மொத்த வியாபாரம் செய்கிறவர், பெட்டியில் இருக்கிற பேர்களைப் பார்த்ததாகவும், அவர்களை நேரில் பார்க்க வருவதாகவும் சொன்னாராம்.

"எந்தக் கம்பெனிக்காவது இப்படி டீலர் தேடி வந்திருக்காரா?" என்று சுப்பராயனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆர்டரை டீலர் கையாலேயே கொடுக்க வைத்துவிடலாம் என்று முடிவு செய்தார்.

முனிரத்தினம் பட்டுக்கரை வேட்டியில் வந்தார். வாசலில் கோலம் போட்டிருந்தது. ரஞ்சனி ரோஜா மாலை வாங்கி வைத்திருந்தாள். முதல் இடம் தனக்கு வந்திருக்க வேண்டியது என்று யாக்கோபு நான்கு பேரிடம் சொல்லிப் புலம்பினான். சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று தலையைச் சீவிக்கொண்டு இரண்டாவதாக நின்றான்.

டீலர் வந்தார். தும்பைப்பூ மாதிரி வெள்ளை உடுப்பு, சாந்தமான முகம். பின்னால் ஒரு ஆள் கனமான சாக்குப் பை ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தான். அன்பளிப்பாக இருக்கும் என்று எல்லாரும் அதையே பார்த்தார்கள்.

"இந்தச் சீட்டுல முதல்ல இருக்கிற முனிரத்தினம்ங்கிறது யாருங்க?"

"நான்தாங்க," என்று முன்னால் வந்தார் முனிரத்தினம். "முதல் பேரு என்னுதுதான். தடிச்ச எழுத்துல இருக்கும் பாருங்க."

ரஞ்சனி மாலையைப் போட்டாள். எல்லாரும் கைதட்டினார்கள். சுப்பராயன் ஆர்டரை எடுத்து நீட்டத் தயாராக வைத்துக்கொண்டார். டீலர் முனிரத்தினத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, பையை அவிழ்க்கும்படி தன் ஆளுக்குக் கண் காட்டினார்.

"நீங்க நல்லா இருக்கோணுமுங்க. மத்த கம்பெனிப் பொட்டி இந்தப் பையில இருக்கறது மாதிரி புகைஞ்சு, பட்டுச்சீலையைத் தீச்சுட்டுத் திரும்பி வந்தா, யாரைப் புடிச்சுக் கேக்கறதுன்னே எங்களுக்குத் தெரியறதில்லைங்க."