தாலிகட்டில் நின்றுபோன வீடியோ

ரெஜி தாலியை எடுத்து லிபியின் கழுத்தருகே கொண்டுபோனான். அங்கேயே நின்றுவிட்டான்.

கம்ப்யூட்டர் திரையில் சின்ன வட்டம் ஒன்று சுற்றத் தொடங்கியது. சத்தியதாஸ் மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தார். தொட்டால் கோபித்துக்கொள்ளும் என்று பயம். தொடாமலேயே கோபித்துக்கொண்டது. திரை வெளுத்தது, எடிட்டிங் சாஃப்ட்வேர் தானாக மூடிக்கொண்டது. அன்று காலையில் மட்டும் இது ஐந்தாவது தடவை.

அந்தக் கல்யாணம் முடிந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. இரண்டே மாதத்தில் வீடியோ தருவதாக மாப்பிள்ளை ரெஜிக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஆரியசாலையில் ஒரு கயிற்றுக் கடையின் மாடியில் இருபது வருடமாக ஸ்டூடியோ நடத்துகிறவர் சத்தியதாஸ். கல்யாணம், ஞானஸ்நானம், புதுவீடு குடிபுகுதல் எதற்கும் சொன்ன தேதி தவறியதில்லை. எல்லாம் புதுக் கேமரா வாங்கும் வரைக்கும்தான். தொழிலுக்குப் புதிதாக வந்த இளம்பிள்ளைகளெல்லாம் வாங்குகிறார்களே என்று அவரும் வாங்கினார். அதன் முதல் கல்யாணம் இது. படம் கண்ணாடி போல இருந்தது. ஆனால் ஓடவில்லை.

கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் மலையாளி ஷாஜி வந்து பார்த்தான்.

"சேட்டா, இந்தக் கேமரா படத்தை அமுக்கி மடக்கித்தான் கார்டுல வைக்குது. கம்ப்யூட்டர் ஒவ்வொரு ஃப்ரேமா விரிச்சுக் காட்டணும். இதுக்கு அதுக்கான வயசு போச்சு, கேட்டோ."

"இப்பம் என்ன செய்ய?"

"ரேம் கூட்டிப் பாக்கலாம்."

கூட்டினார்கள். வேகம் வந்தது. முன்பு பத்து நிமிடத்தில் மூடிக்கொண்ட சாஃப்ட்வேர் இப்போது நான்கே நிமிடத்தில் மூடிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து ரெஜியின் போன்.

"அண்ணே, அடுத்த வாரம்னு சொன்னியளே."

"எந்த வருசத்து அடுத்த வாரம்னு கேளுங்க," என்று பின்னாலிருந்து லிபியின் குரல்.

"கலர் பாத்துட்டு இருக்கேன் தம்பி. வேலை நல்லா வரணும் இல்லியா."

"கல்யாணத்துக்கு எங்க சுவர்ல அடிச்ச பெயின்டே மங்கிப் போச்சு அண்ணே, இன்னுமா கலர் பாக்கிய?"

"அதைச் சொல்லுங்க, அதைச் சொல்லுங்க," என்றாள் லிபி.

சத்தியதாஸ் போனை வைத்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். முதல் பொய்க்கு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. இப்போது எண்ணிக்கை விட்டுப்போயிருந்தது.

சாஃப்ட்வேரின் புதிய பதிப்பைப் போடலாம் என்றான் ஷாஜி. போட்டார்கள். அது பழைய வேலையையெல்லாம் தன் போக்குக்கு மாற்றி வாங்கிக்கொண்டது. மாற்றியதில் சத்தம் முன்னால் ஓட, படம் பின்னால் நொண்டியது. போதகர் வாயைத் திறப்பதற்குள் அவர் கேள்வியும் முடிந்து லிபியின் சம்மதமும் கேட்டுவிட்டது. சரி, பழைய பதிப்புக்கே போகலாம் என்றால், மாறிப்போன வேலையைத் திறக்க அது மறுத்துவிட்டது. மூன்று வார உழைப்பு அதோடு போயிற்று.

"பழைய கேமரா என்ன பாவம் செஞ்சுது உங்களுக்கு?" என்று கேட்டாள் மனைவி சுஜா.

ரெஜியின் கண்ணில் படாமல் இருக்க சாலைக் கடைவீதியை விட்டுச் சுற்றிக்கொண்டு போகத் தொடங்கினார். அப்படியும் ஒருநாள் வாழைக்குலைக் கடை முன்னால் ரெஜி எதிரே வந்தான். சட்டென்று பக்கத்துச் சந்தில் திரும்பினால், அங்கே லிபி நின்றிருந்தாள். இருவரும் ஏற்கெனவே பேசி வைத்திருந்ததுபோல ஆளுக்கொரு பக்கம் மறித்துக்கொண்டார்கள். கால் மணி நேரம் மாறி மாறி விளாசினார்கள். ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் தொடர்ந்தார். வாழைக்குலைக்காரர் வியாபாரத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்.

கடைசியில் ஷாஜி ஒரு வழி சொன்னான். "எல்லாத்துக்கும் தரம் குறைஞ்ச ஒரு சின்னப் பிரதி எடுத்து அதுல எடிட் செய்யுங்க. முடிச்ச பிறகு ஒரிஜினலோட இணைச்சு வெளியே எடுத்தா மதி, அது போதும்."

பிரதி எடுத்தார். சாஃப்ட்வேர் ஆற்றுத் தண்ணீர்போல ஓடியது. தாலிகட்டு தடங்கலில்லாமல் தாண்டியது. பன்னிரண்டு நாளில் முழு வேலையும் முடிந்தது. வெளியே எடுக்கும்போது, டிஸ்க்கில் இடமில்லை என்று வந்தது. சந்தோஷத்தில் இருந்த சத்தியதாஸ், ஒரே பெயரில் இரண்டு இரண்டாகக் கிடந்த ஃபோல்டர்களில் ஒன்றை அழித்தார். இடம் தாராளமாகக் கிடைத்தது.

படம் வெளியே வந்தது. கொசுவலைக்குள்ளிருந்து பார்ப்பதுபோல இருந்தது.

ஷாஜி வந்து ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். "சேட்டா, ஒரிஜினலைத்தான் அழிச்சிருக்கீங்க."

கேமராவின் கார்டுகளில் அதற்குள் வேறு ஆறு கல்யாணங்கள் ஏறி இறங்கியிருந்தன. ஷாஜி இரண்டு நாள் தோண்டியும் ஒன்றும் அகப்படவில்லை.

அன்று சத்தியதாஸ் சாப்பிடவில்லை. மங்கலான படத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். தாலி முடிந்த நொடியில் லிபி தலைநிமிர்ந்து ரெஜியைப் பார்த்த பார்வை அவருக்கு நன்றாக நினைவிருந்தது. இரண்டடி தூரத்தில் நின்று எடுத்தவர் அவர். படத்தில் அந்த இடத்தில் இரண்டு வெளிறிய வட்டங்கள்தான் இருந்தன. அந்த நாள் திரும்ப வராது. அதைப் பிடித்துவைக்கத்தானே அவரைக் கூப்பிட்டார்கள்.

"நேர்ல போய்ச் சொல்லிருங்க," என்றாள் சுஜா. "போன்ல சொன்னா இதையும் பொய்னுதான் நினைப்பாவ."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ரெஜியின் வீடு இருக்கும் நேமத்துக்குப் பஸ் ஏறினார். கல்யாணம் முடிந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

ரெஜியின் அம்மா எலிசாள் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் ரெஜியும் லிபியும் உரக்கச் சண்டை போடும் சத்தம் கேட்டது. ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. தன் வீடியோவால்தான் இதுவும் என்று சத்தியதாஸ் நினைத்தார்.

"அக்கா, வீடியோ முடிஞ்சுது. ஆனா ஒரு தப்பு நடந்துபோச்சு."

நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னார். சொன்ன பொய்களையும் விடவில்லை. மங்கலாகத்தான் இருக்கும், என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்று பென்டிரைவை நீட்டினார்.

எலிசாள் குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு திரும்பி வீட்டைப் பார்த்தாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பென்டிரைவை வாங்கி அவர் சட்டைப்பையிலேயே திரும்பப் போட்டாள். கேட்டுக்கு வெளியே அவரைக் கூட்டிக்கொண்டு வந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னும் ஒரு வருசம் கழிச்சுக் கொண்டு வாங்க தம்பி. கல்யாணம் முடிஞ்ச மறுமாசத்துல இருந்து ரெண்டு பேருக்கும் சண்டைதான். ஒண்ணா உக்காந்து செய்யிற ஒரே காரியம் உங்களைத் திட்டுறதுதான்."