தங்கப்பாண்டி காக்கி வெளுத்த படலம்

வாழி தங்கப்பாண்டி! முத்து விளைந்த முந்நீர்க் கரையிலே, நிலக்கரி மலைமலையாய்க் குவிந்த துறைமுகத்திலே, பல்சக்கர லாரித்தேரை ஓராண்டு முழுக்கச் செலுத்தியும் ஓர் ஆட்டுக்குட்டியைக்கூட இடிக்காத அறச்செல்வன். காலையில் காக்கியாய்க் கிளம்பி மாலையில் கரிக்குருவியாய்த் திரும்பும் மாயன். அவன் போர்த்திறம் பாடப் புகுந்தோம், உப்பங்காற்றே, எம் நாவை உலர்த்தாது அருள்க.

'விபத்தில்லா ஓட்டுநர்' என்று மறுநாள் காலை அவனுக்கு மேடையில் பரிசு. சீருடை கட்டாயம். அவனிடம் இருந்ததோ ஒரே சீருடை. மேடையில் எடுக்கும் போட்டோ நேரே சாத்தான்குளம் போக வேண்டும். அங்கே மளிகைக்கடைக் கல்லாவில் வேட்டி கசங்காமல் வீற்றிருந்து, மருமகனைக் 'கரிமூட்டை' என்றழைக்கும் மாமனாரின் திருவாயை அப்படம் அடைக்க வேண்டும். இதுவே வீரனின் சூளுரை.

வீட்டு மின்சார வாஷிங் மெஷினோ, அவன் காக்கியோடு சேர்ந்து சுழன்ற மகளின் பள்ளிச் சட்டையை ஒருமுறை யானை நிறமாக்கிய நாள்முதல் அவன் உடைகளுக்குக் கதவடைத்திருந்தது. அதன் காவல்தெய்வம் அவன் மனைவி தேவகனி. ஆகவே செல்போனில் தவமிருந்து புதியதோர் படைக்கலம் தருவித்தான்: பீப்பாய் வயிறும் ஒற்றைக் கைப்பிடியும் கொண்ட, கரண்டு கேளாத, கையால் சுற்றும் துவைப்பெந்திரம். விளம்பரத்தில் ஓர் அம்மாள் சிரித்துக்கொண்டே அதில் கைக்குட்டை வெளுத்திருந்தாள். கைக்குட்டைக்கும் கரிச்சட்டைக்கும் நடுவே கிடக்கும் கடலை வீரன் கண்டானில்லை.

"வெந்நியில ஊறவச்சு, காலரைப் பிரஷ் போட்டுத் தேயுங்கன்னா கேக்கேளா?" என்றாள் தேவகனி.

"ஏளா, இது டெக்னாலஜி. ஓரமா நின்னு பாரு" என்று முழங்கினான் வீரன்.

கொல்லையே களமாயிற்று. சட்டை புகுந்தது, கால்சட்டை புகுந்தது, வயிறு நிறைந்த எந்திரம் வாய் மூட மறுக்க, முழங்காலால் மிதித்து மூடினான். பின் மோட்டாரைப் போட்டு ஆழ்துளைக் கிணற்றுநீரைப் பாய்ச்சினான். அந்தோ, அந்நீர் உப்பளத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி! சோப்பைக் கண்டால் நுரையாது, பகையாளிபோல் முறைத்துத் திரிந்துபோகும். தேவர்களும் அசுரர்களும் சேர்ந்து கடைந்த கடலை இவன் ஒருவனாய்க் கடைந்தான். அமுதம் எழவில்லை, தயிர்தயிராய்ச் சோப்புக்கட்டிதான் எழுந்தது. தோள் கடுத்தது, இடுப்பு பிடித்தது, வேர்வை அருவியாயிற்று.

மதில்மேல் ஒரு தலை உதித்தது. பக்கத்து வீட்டு மாரிராஜ். அதே துறைமுகத்தில் லாரி ஓட்டுபவன், அந்த வாரம் விடுப்பில் இருந்தான்.

"ஏலே, ஐஸ்கிரீமா கிண்டுத? எனக்கும் ஒரு கப்பு வையி."

மானம் சுட்டது. அடுக்களைக்குள் பாய்ந்தான், குழாயில் என்றோ ஒருநாள் வரும் நல்ல தண்ணீரை, சோறு பொங்கவென்று தேவகனி பிடித்துவைத்த குடத்தை, தூக்கிவந்து எந்திரத்தில் கவிழ்த்தான். நுரை பொங்கியது! கொக்கரித்துச் சுழற்றினான். ஆனால் உள்ளே இடநெருக்கடி. சட்டையும் கால்சட்டையும் கட்டிப்பிடித்தபடி ஒரே மூட்டையாய் உருண்டனவேயன்றி, ஒன்றை ஒன்று உரசக் காணோம். கால்சட்டை துறந்த கரியைச் சட்டை தத்தெடுத்துக்கொண்டது. காலரின் கிரீஸ் கடுகளவும் அசையவில்லை. இறுதியில் படக்கென்று கைப்பிடி ஒடிய, வில்லிழந்த வீரன்போல் நின்றான்.

வெளியே எடுத்த சட்டை காக்கியும் அன்று, கருப்பும் அன்று. பாறையில் ஒட்டிய சிப்பிகள்போல் ஆங்காங்கே சோப்புக்கட்டி பூத்திருந்தது.

தேவகனி சட்டையைப் பார்த்தாள். காலிக் குடத்தைப் பார்த்தாள்.

"சட்டை கிடக்கட்டும். உலையில இப்பம் எதை ஊத்த?"

வீரன் குடத்தைக் கவிழ்த்து உதறிப் பார்த்தான். மதிலுக்கு அப்பாலிருந்து தேய்த்து மடித்த காக்கியொன்று நீண்டது.

"இந்தால, நாளைக்கு இதை மாட்டிட்டுப் போ. லீவுல சும்மாதான கிடக்கு."

மறுநாள் மேளம் அதிர, கரவொலி கடலொலியை வெல்ல, கத்திமடிப்புக் காக்கியில் கதிரவனென நின்ற வீரனின் திருவுருவம் கேமராவில் பதிந்து, மாலைக்குள் சாத்தான்குளம் ஏகிற்று. மாமனார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, படத்தை விரலால் பெரிதாக்கி நெடுநேரம் நோக்கினார்.

சட்டைப் பைக்கு மேலே மாரிராஜ் என்று தைத்திருந்தது.