கெல்கர் கணக்கில் சேராத கோழி

பெருமதிப்பிற்குரிய ‘மலைச்சிறகு’ இதழாசிரியர் அவர்களுக்கு,

என் பெயர் லேகி புன்ட்சோ. வயது ஐம்பது. அருணாசலப் பிரதேசத்தின் திராங்கிற்கு மேலே, வண்டிச்சாலை முடிந்து ஒற்றையடிப்பாதை தொடங்கும் இடத்திலுள்ள ஷிங்பாம் என்னும் மோன்பா பழங்குடி ஊரில் கணித ஆசிரியன். ஊர் விருந்தினர் குழுவின் செயலாளரும் நானே. தங்கள் இதழில் வெளிவந்த ஒரு பிழைக்குத் திருத்தம் கோருவதே இம்மடலின் நோக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நாங்களும் நலமாகவே இருந்தோம், தங்கள் இதழ் வந்து சேரும்வரை.

அதன் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் புனே நகரத்துப் பறவை ஆர்வலர் டாக்டர் ஷிரீஷ் கெல்கர் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: “ஷிங்பாமில் ஐந்து நாள் தேடினேன். குருதிக்கோழி ஒன்றுகூட இல்லை. அதைக் காண விரும்புவோர் அடுத்த ஊரான தோம்ராவுக்குச் செல்லலாம்.” இதைப் படித்துவிட்டு, அந்த மலைக்காட்டுக் கோழியைக் காண வசந்தகாலத்தில் எங்களிடம் தங்க வருவதாக இருந்தவர்கள் அனைவரும் தோம்ராவுக்கு வழி கேட்டு எங்களுக்கே எழுதுகிறார்கள். அவர்களுக்காக ஊரார் வீட்டுக்கு ஓர் அறை கூடுதலாகக் கட்டி, தகரம் வேய்ந்து, புதுப் போர்வை வாங்கி வைத்திருக்கிறோம். தோம்ராக்காரர்கள் எங்களுக்குச் சம்பந்தி முறை ஆகையால் அவர்களைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். பனி பெய்தாலும் தங்கள் ஊரில்தான் முதலில் பெய்தது என்பார்கள், அவ்வளவே.

நடந்ததை முறைப்படி கூறுகிறேன். டாக்டர் கெல்கரும் அவருடைய துணைவியார் மிருணாளினி அம்மையாரும் முதல் நாள் விடியுமுன்பே காட்டுக்குப் புறப்பட்டார்கள். புறப்பட்டவர்களை வெறும் வயிற்றோடு அனுப்புகிற வழக்கம் எங்களுக்கு இல்லையாதலால் என் மனைவி த்ரேமா உப்பும் வெண்ணெயும் கடைந்த தேநீரை ஊற்றினாள், டாக்டர் குடித்தார், காலிக் கோப்பையைக் கண்டால் நிரப்புவது வீட்டாரின் கடமையென்பதால் அவள் மறுபடி நிரப்பினாள், போதுமென்றால் நிறைந்த கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழவேண்டும் என்பது அவருக்குத் தெரியாது, உணவை வீணாக்குவது பாவம் என்று வளர்க்கப்பட்டவர் போலும், மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி குடித்தார்.

“போதும்மா! வயித்துல இடமே இல்ல!”

“அப்புறம் ஏன் சார் காலி பண்றீங்க?” என்றாள் த்ரேமா, மீண்டும் ஊற்றியபடி.

இப்படியே வழியிலுள்ள எல்லா வீடுகளிலும் நடந்து, அவர் காட்டை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. அதன் பிறகும் அவர் பறவைகளைத் தேடியதைவிட மறைவான மூங்கில் புதரைத் தேடியதே அதிகம். ஷிங்பாமில் அத்தனை கோப்பை குடித்த வெளியூரார் வேறெவரும் இல்லை என்பதை இங்கே பெருமையுடன் பதிவு செய்கிறேன். அடுத்த நாட்களில் மூடுபனி. அதற்கு நாங்கள் பொறுப்பல்ல.

நான்காம் நாள் மாலை அவர் அடுப்பருகே தலைகுனிந்து அமர்ந்து, முப்பது ஆண்டுகளாக இந்த ஒரு கோழிக்காகவே காத்திருந்ததாகச் சொன்னார். “அதுக்கென்ன சார், மடத்துல நிறைய நிக்குதே” என்றேன். அவர் கையிலிருந்த கோப்பை நழுவியது. ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டார். காட்டில் எங்கே இருக்கும் என்றுதான் அவர் கேட்டிருந்தார். மடம் காட்டில் இல்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் விடையளிக்க வேண்டும் என்றுதான் மாணவர்களுக்கும் கற்பிக்கிறேன்.

மறுநாள் அவர்களை எங்கள் ஊருக்கு மேலேயுள்ள பிக்குணி மடத்திற்கு அழைத்துச் சென்றேன். அங்கு மூத்தவர் அனி யாங்சொம்; பிக்குணியரை ‘அனி’ என்றே அழைப்போம். கீழேயுள்ள திபெத்தியக் குடியிருப்பிலிருந்து வந்தவர். மரியாதைக்கு ‘லா’ சேர்த்து அழைத்தாலும், தம் பேச்சில் பாதி கிண்டல் என்பதை மறைக்காதவர். அவர் சமையலறை வாசலில் நின்று கரண்டியால் இரும்புச் சட்டியைத் தட்டினார். தேவதாருக்களின் அடியிலிருந்து குருதிக்கோழிகள் வரிசையாக இறங்கி வந்தன. மார்பில் குருதி தெளித்தாற்போன்ற சிவப்புக் கோடுகள், செங்கால்கள். எல்லாம் அவர் இறைத்த வறுத்த பார்லி மாவைக் கொத்தின. ஒரு சேவல் டாக்டர் கெல்கரின் காலணிமேல் ஏறி நின்று கயிற்றைப் பிடித்து இழுத்தது. அம்மையார் ஆனந்தக்கண்ணீர் வடித்தார். டாக்டரோ தம் தொலைநோக்கியை உறையில் வைத்து மூடிவிட்டார்.

“இது நான் பார்த்த பறவைகளோட கணக்குல வராது” என்றார்.

“ஏன் சார்?”

“கையால போட்ட தீனிய வந்து தின்னுது. இது காட்டுப்பறவையே இல்ல.”

அனி யாங்சொம் இடுப்பில் கை வைத்தார். “அப்ப இது யாரு, எங்க மடத்துல சேர்ந்த பிக்குணியா? தலைய மழிச்சு விட்டுடட்டுமா?”

“ஏங்க, உங்க பூட்ஸ் மேலயே நிக்குதுங்க! இதுக்கு மேல எப்படிப் பாக்கணும்?” என்றார் அம்மையார்.

“மனுஷனப் பார்த்தா ஓடணும், மிருணா. ஓடினாத்தான் கணக்கு. அது என்னோட விதி.”

ஐயா, நான் விதிகளை மதிப்பவன். ஓடினால் கணக்கு என்றால் ஓடவைப்போம் என்று உடனே கையை வீசிக்கொண்டு பாய்ந்தேன். பின்னம் புரியாத மாணவனைப் போல் சேவல் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. தரையில் ஓங்கி மிதித்தேன், கிளறிய மண்ணில் புழு இருக்குமென்று இரண்டு பெட்டைகள் ஓடிவந்தன. குடையைப் படாரென விரித்தேன், தூறல் விழுந்துகொண்டிருந்தமையால் அவை குடைக்கடியில் வந்து நின்றுகொண்டன. சினம் மேலிட அனியின் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி இரும்புச் சட்டியில் என் பலம் முழுவதும் சேர்த்து அடித்தேன். மலைச்சரிவில் மிச்சமிருந்த கோழிகளும் வந்து சேர்ந்தன. அதுவரை மடத்துக்கு வராத கூட்டம் ஒன்றும் வந்ததாக அனி பிறகு சொன்னார்.

“வாத்தியார்-லா, சாப்பாட்டு மணிய அடிச்சுட்டீங்களே! இனி நீங்களே பரிமாறுங்க” என்று மாவுப்பையை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனார். பரிமாறினேன். டாக்டர் கெல்கர் எனக்கு முதுகைக் காட்டி நின்றார்.

அன்றே அவர் தோம்ராவுக்குச் சென்று, பள்ளத்தாக்கின் எதிர்க்கரையில், தொலைநோக்கி வழியே, பழுப்பாக ஒரு புள்ளியைக் கண்டிருக்கிறார். புள்ளி நகர்ந்து மறைந்தது. ஓடியதால் அது குருதிக்கோழி. காலணிக் கயிற்றை இழுத்தது கோழியல்ல. இதைத்தான் தாங்கள் வண்ணப்படத்துடன் அச்சிட்டிருக்கிறீர்கள். அவருடைய விதியையே எடுத்துக்கொண்டால், ஐந்து நாளும் எங்கள் கையால் உண்டு, தேநீர்க் கெண்டி எந்தத் திசையில் போயிற்றோ அந்தத் திசையில் போய், எந்த மனிதரைக் கண்டும் ஓடாதிருந்த டாக்டர் கெல்கர் எங்கள் ஊருக்கு வந்ததாகவே கணக்கில் கொள்ள முடியாது. ஆயினும் விருந்தினர் பதிவேட்டில் அவர் பெயரை நான் அடிக்கவில்லை.

ஐயா, எங்கள் சரிவில் எவரும் அந்தக் கோழிகள்மேல் ஒரு கல்லும் எறிந்ததில்லை. என் தந்தையார் எறிந்ததில்லை. என் வகுப்பின் கடைசி வரிசை மாணவர்கள்கூட எறிந்ததில்லை. ஆகவே அவை ஓடக் கற்றுக்கொள்ளவில்லை. இதைத் தாங்கள் எங்கள் ஊரின் குறையாக வெளியிட்டிருக்கிறீர்கள். அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், ஷிங்பாமில் குருதிக்கோழி உண்டு, ஏராளமாக உண்டு, அருகில் வரும் என்று திருத்தம் வெளியிடுமாறு கோருகிறேன்.

தங்கள் இல்லத்தில் நோயின்றி, அடுப்பு அணையாமல், கோப்பை வற்றாமல் இருக்க வாழ்த்துகிறேன். அனி யாங்சொம் தம் பிரார்த்தனையில் தங்கள் அச்சுக்கோப்பவரையும் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

தங்கள் உண்மையுள்ள,
லேகி புன்ட்சோ

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் த்ரேமா வந்து, “ரெண்டு பேர் வந்திருக்காங்க. ஒருத்தன் தோள்ல துப்பாக்கி இருக்கு” என்றாள். கீழே சாலை வெட்டும் முகாமிலிருந்து வந்தவர்கள்.

“மாஸ்டர்ஜி, மடத்துப் பக்கம் கொழுத்த காட்டுக்கோழி கைக்கிட்டயே வந்து நிக்குமாமே? வழி எது?”

நான் பொய் சொல்வதில்லை. ஆகவே தங்கள் இதழை எடுத்து நாற்பத்தொன்றாம் பக்கத்தை உரக்க வாசித்தேன். ஒன்றுகூட இல்லை.

“எழுதினது யாரு?”

“புனே டாக்டர். அஞ்சு நாள் தேடினாரு.”

“தோம்ராவுல இருக்குன்னு போட்டிருக்கே?”

“இருக்கு. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ஒரு புள்ளி. உங்க குண்டு அவ்வளவு தூரம் போகுமா?”

திட்டிக்கொண்டே இறங்கிப் போனார்கள். த்ரேமா என் கையிலிருந்த உறையைப் பார்த்து, “அது வேணாங்க. அந்த ரூம்ல உருளைக்கிழங்கு போட்டு வச்சுக்கலாம்” என்றாள். புதுப் போர்வைகளை மடத்துக்குக் கொடுத்துவிடுவதாகவும் சொன்னாள்.

எனவே மேலே கோரிய திருத்தத்தை வெளியிட வேண்டாம். டாக்டர் கெல்கரின் வரியையே அடுத்த இதழில் இன்னும் பெரிய எழுத்தில் மறுபடி வெளியிடுங்கள். ஷிங்பாமில் காக்கைகூட இல்லை என்று சேர்த்தாலும் எங்களுக்கு மறுப்பில்லை. மடலைக் கிழிக்காமல் அனுப்புவது, எங்கள் கோழிகளைப் பற்றி வெளியூரில் ஒருவருக்காவது சரியாகத் தெரிந்திருக்கட்டும் என்பதற்காகவே. படித்துவிட்டு எரித்துவிடவும். நான் இப்போது அந்தப் பக்கத்தை இதழிலிருந்து கத்தரித்து, கீழே இந்தியில் தடித்த எழுத்தில் மொழிபெயர்த்து எழுதி, பசை காய்ச்சி எடுத்துக்கொண்டு, சாலை முகாமின் சமையற்கூடக் கதவில் ஒட்டப் போகிறேன்.